மலைச்சரிவில் வீட்டுத் தடுப்புச் சுவர்: கல்லுக்கு முன் நீர்வழி

நீலகிரி ஜில்லா குன்னூர் தாலுகாவில், அருவங்காட்டுக்கு அண்மையில், மலைச்சரிவின்மேல் அமைந்துள்ளது ஜெகதளா. அவ்வூரில் இயற்கையாகவே சமதளமாயுள்ள நிலம் மிகவும் குறைவு. வீட்டுக்கு வேண்டிய சமதளத்தை மேற்புறத்து மண்ணை வெட்டியும், கீழ்ப்புறத்தில் நிரப்பியுமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே அங்கு வீடு கட்டுவோர் ஒவ்வொருவரும் இரண்டு மண்முகங்களுக்குப் பொறுப்பாளிகளாகின்றனர். வீட்டின் பின்னால் வெட்டுண்டு நிற்கும் முகம் ஒன்று. வீட்டின் முன்னால் நிரப்பப்பட்டு நிற்கும் முகம் மற்றொன்று. இவ்விரண்டையும் தாங்குவதற்கே தடுப்புச் சுவர் கட்டப்படுகின்றது. சமவெளியில் வீட்டுக்கு நான்கு சுவர் என்றால், மலையில் ஆறு சுவர் எனல் மிகையாகாது.

இச்சுவரைப் பற்றிக் குடியானவர்களிடையே நிலவும் பொதுவான அபிப்பிராயம், சுவர் கனமாயும் கெட்டியாயும் இருந்தால் போதும் என்பதே. கல் பெரியதா, சிமெண்டு போதுமா, கம்பி கட்டியதா என்று விசாரிப்பவர்கள் பலர். சுவருக்குப் பின்னால் சேரும் மழைநீர் எவ்வழியாக வெளியேறும் என்று விசாரிப்பவர்கள் சிலரே. ஆனால் மலைச்சுவர்கள் விழுவதற்கு முதன்மையான காரணம் பின்னால் தேங்கிய நீரே என்பது கட்டடக்கலை அறிந்தோர் யாவரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஆதலால் முதலில் நீர்வழி, இரண்டாவது வெட்டின் அளவு, மூன்றாவதாகவே கல்லும் சிமெண்டும் என்னும் வரிசையில் இக்காரியம் திட்டமிடப்பட வேண்டும். மேலும் நீர் வீட்டு எல்லைகளை அறியாது. எனவே இது தனி வீட்டுக்காரர் ஒருவரால் முடியும் காரியமாகாது. ஒரு வரிசையிலுள்ள வீட்டுக்காரர்கள் யாவரும் கூடி, கிராம உத்தியோகஸ்தர்களின் துணையோடு செய்ய வேண்டியதாகும்.

தோட்டத்தில் அறிந்தது வீட்டில் மறந்தது

நீருக்கு வழிவிடும் வித்தை நீலகிரிக் குடியானவர்களுக்குப் புதியதன்று. தேயிலைத் தோட்டத்தில் சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி, அதில் இடையிடையே குழிகள் விட்டு, மழைநீரின் வேகத்தைத் தணித்து ஓடைக்குக் கொண்டுசெல்லும் முறையை அவர்கள் நன்கு அறிவர். உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோசும் பயிராகும் நிலங்களைப் படிப்படியாக மட்டம் செய்யும்போது, ஒவ்வொரு படியின் தளத்தையும் மலைப்பக்கம் சற்றே உட்சாய்வாக விடுவதும் தெரிந்ததே. உதகமண்டலத்தில் 1954-ஆம் வருஷம் ஏற்பட்ட மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் இத்தகைய முறைகளை ஆராய்ந்து பரப்பி வந்துள்ளது. படியின் வெளிவிளிம்பின் வழியே நீர் வழிந்தால் விளிம்பு கரையும், விளிம்பு கரைந்தால் படி சரியும் என்பதே இதன் காரணம்.

இதே குடியானவர் வீடு கட்டும்போது மாத்திரம் இந்த நியாயத்தை மறந்துவிடுகின்றார். முற்றத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டு, அதை வெளிப்பக்கமாகச் சாயவிடுகின்றார். கூரைத் தண்ணீர் குழாய் வழியே இறங்கிச் சுவரின் தலையிலேயே விழுகின்றது. குளியலறை நீரும் சமையலறை நீரும் சுவருக்குப் பின்னால் தோண்டிய குழியில் விடப்படுகின்றன. மழையில்லாத மாதங்களிலும் அம்மண் ஈரம் வற்றாமல் நிற்கின்றது. தேயிலைச் செடிக்குக் காட்டும் கவனத்தைத் தம் மக்கள் உறங்கும் அறைக்கும் காட்ட வேண்டும் என்பதைத் தவிர, இவ்விஷயத்தில் புதிதாகக் கற்பிக்க வேண்டியது அதிகமில்லை.

படகர் ஊர்களின் பழைய ஹட்டிகளில் வீடுகள் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், ஒன்றோடொன்று சேர்ந்த வரிசைகளாக அமைந்தன. ஒரு வரிசைக்கு ஒரு வெட்டும், முன்புறம் நீண்ட ஒரு முற்றமுமே இருந்தன. பின்னாளில் வீடுகள் தனித்தனி மனைகளுக்குப் பரவின. ஒவ்வொருவரும் தத்தம் வசதிக்கேற்ப வெவ்வேறு மட்டத்தில் வெட்டலாயினர். பழைய காலத்தில் மண்வெட்டியால் பல நாள் வெட்டிய மண்ணைப் பொக்லைன் இயந்திரம் ஒரு பகலில் வெட்டித் தள்ளுகின்றது. ஒருவருடைய வெட்டு, அவருக்கு மேலுள்ளவருடைய அஸ்திவாரத்தின் அடியைத் தொடுகின்றது. ஒருவர் நிரப்பிய மண், அவருக்குக் கீழுள்ளவருடைய கூரைக்கு மேல் தொங்குகின்றது. வீடுகள் பிரிந்தனவேயன்றி, அவற்றைத் தாங்கும் மலை பிரியவில்லை.

நீரின் சுமை

10 அடி, அதாவது ஏறக்குறைய 3 மீட்டர் உயரமுள்ள ஒரு சுவரை உதாரணமாகக் கொள்ளலாம். பின்னாலுள்ள மண் நீர் வடிந்த நிலையில் இருந்தால், சுவரின் நீளத்தில் ஒவ்வொரு மீட்டரின் மீதும் அது தள்ளும் விசை, சாதாரணக் கணக்கின்படி 2½ டன் முதல் 3 டன் வரை ஆகும். அதே மண் உச்சிவரை நீரில் ஊறி, நீர் வெளியேற வழியின்றி நின்றால், தள்ளும் விசை 5½ டன்னை எட்டும். சுவரும் மாறவில்லை, மண்ணும் மாறவில்லை. நீர் ஒன்றே வந்து சேர்ந்தது, சுமை இருமடங்காயிற்று. சுவரின் கனத்தை இருமடங்காக்க ஆகும் செலவையும், நீரை வடியவிடும் குழாய்க்கும் சரளைக்கும் ஆகும் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது சிக்கனம் என்பது விளங்கும்.

உயரத்தின் கணக்கும் கவனிக்கத்தக்கது. சுவரின் உயரம் இருமடங்கானால், மண் தள்ளும் விசை நான்கு மடங்காகின்றது. சுவரைக் கவிழ்க்கும் வேகம் எட்டு மடங்காகின்றது. ஆகவே 5 அடிச் சுவரைப் பல வருஷம் பழுதின்றிக் கட்டிவந்த கொத்தனார், அதே கைப்பழக்கத்தைக் கொண்டு 10 அடிச் சுவரும் கட்டிவிடலாம் என்று எண்ணுவது பெரும் அபாயம்.

நீலகிரியின் மண்ணும் மனிதரை ஏமாற்றும் இயல்புடையது. சார்னோகைட் என்னும் கடினமான பாறை நெடுங்காலம் சிதைந்து உண்டான களிமண் கலந்த மண் இங்கு பல இடங்களில் மிக ஆழமாகப் படிந்துள்ளது. உலர்ந்த காலத்தில் இதைச் செங்குத்தாக வெட்டினாலும் இடியாமல் நிற்கும். நீரில் ஊறிவிட்டால் அதன் பிடிப்புத் தளர்ந்துவிடும். பிப்ரவரி மாதத்தில் பாறைபோல் நின்ற வெட்டு, நவம்பர் மாதத்திலும் அவ்வாறே நிற்கும் என்பதற்கு எவ்வித உறுதியுமில்லை. அதிலும் குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையின் வேகத்தை நேரில் தாங்கும் பக்கம் என்பதை மறக்கலாகாது.

2009-ஆம் வருஷம் நவம்பர் 10-ஆம் தேதி, ஜெகதளாவுக்கு அண்மையிலுள்ள கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அம்மழையில் ஜில்லாவெங்கும் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1,000 சதுர அடிக் கூரையொன்றின்மேல் அவ்வளவு மழை பெய்தால் சேரும் நீர் ஏறக்குறைய 76,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஆறுக்கு மேல். இத்தனையும் ஒரே நாளில் ஒரு வீட்டின் பின்சுவருக்குப் பின்னால் இறங்கினால் என்னவாகும் என்பதை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வீட்டின் பின்னால் சென்று நின்று எண்ணிப் பார்ப்பது நலம்.

நடந்தவை கற்பிக்கும் பாடம்

கனமான சுவர் தானே காக்கும் என்னும் நம்பிக்கைக்கு எதிர்ச்சான்று மலையடிவாரத்திலேயே உண்டு. 2019-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலை, மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், ஒரு வீட்டு வளாகத்தின் உயரமான கருங்கல் சுவர் கனமழையில் கீழ்ப்புறத்து வீடுகளின்மேல் சாய்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் உயிர் துறந்தனர். மண் சுவரோ, மெலிந்த செங்கல் சுவரோ அன்று; கருங்கல் சுவர். அதன் கனம் ஒருவரையும் காக்கவில்லை. விழும்போது கொன்றது அக்கனமே.

இரண்டாவது பாடம் மழையே இல்லாத காலத்தில் கிடைத்தது. 2024-ஆம் வருஷம் பிப்ரவரி 7-ஆம் தேதி, உதகமண்டலத்தை அடுத்த லவ்டேல் காந்தி நகரில், ஒரு வீட்டுமனையில் தடுப்புச் சுவர் கட்டுவதற்காக மண் தோண்டிக்கொண்டிருந்தபோது, மேற்புறத்திலிருந்த பழைய கழிப்பிடக் கட்டடம் மண்ணோடு சரிந்து விழுந்து, பெண் தொழிலாளர் 6 பேர் மாண்டனர். தடுப்புச் சுவரின் வாழ்நாளில் மிகவும் ஆபத்தான வேளை, அது கட்டப்படுவதற்குமுன் அடிமண் வெட்டுண்டு திறந்து கிடக்கும் வேளையே என்பதை இது காட்டுகின்றது. அவ்வேளையில் மலைக்கு முட்டுக்கொடுக்க யாதொன்றுமில்லை. அடியில் நிற்பவர்களோ நாட்கூலிக்கு வந்தவர்கள்.

மூன்றாவது பாடம் கடல் கடந்த ஹாங்காங்கிலிருந்து வருவது. அந்நகரமும் செங்குத்தான சரிவுகளில் வீடுகளை அடுக்கிக் கட்டிய நகரமாதலால் அதன் அனுபவம் நீலகிரிக்கும் பொருந்தும். 1994-ஆம் வருஷம் ஜூலை 23-ஆம் தேதி, அங்குக் குவுன் லுங் லௌ என்னும் குடியிருப்பின் கீழிருந்த பழைய கற்சுவர் இடிந்து 5 பேர் மாண்டனர். ஆராய்ந்ததில், சுவருக்குப் பின்னால் புதைத்திருந்த வடிகால் குழாய்கள் பழுதாகி நீர் கசிந்து மண்ணை ஊறவைத்திருந்தது தெரியவந்தது. வெளியில் நல்ல சுவராகவே தோன்றியது. உள்ளே குழாய் ஒழுகியது. வீட்டுக் கழிவுநீரைச் சுவருக்குப் பின்னால் விடுவோர் இதைக் கவனித்தல் அவசியம்.

இவற்றுக்கு மறுமொழியாக, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ஆம் வருஷம் ஓடத்தொடங்கிய மலை ரெயில் பாதையின் பழைய கற்சுவர்களைச் சிலர் சுட்டிக்காட்டக்கூடும். நூறு வருஷத்துக்கு மேல் நிற்கவில்லையா என்பது அவர்கள் கேள்வி. நிற்கின்றன என்பது மெய்யே. ஆயினும் அப்பாதைக்கு வடிகால்கள் உண்டு. அவற்றைப் பார்த்துச் செப்பனிட ஆட்கள் எந்நாளும் உண்டு. அவ்வளவு கவனித்தும், கனமழைக் காலங்களில் மண் சரிந்து ரெயில் நிற்பதும் உண்டு. கட்டிய நாள்முதல் ஒருமுறைகூடப் பின்புறம் சென்று பார்க்கப்படாத வீட்டுச் சுவரை அதனோடு ஒப்பிடுவது பொருந்தாது.

திட்டமிடும் முறை

மனையைத் தேர்ந்தெடுக்கும்போதே மேலும் கீழும் நூறு அடி நடந்து பார்த்தல் வேண்டும். நீர் ஊற்றெடுக்கும் இடம், மழைக்காலத்தில் ஓடை பாயும் பள்ளம், மரங்கள் வளைந்து நிற்கும் இடம், முன்னொருகால் மண் கொட்டி மூடிய இடம் ஆகியவற்றில் வீடு கட்டாதிருப்பதே உத்தமம். பழைய பள்ளத்தை மண்ணிட்டு மூடிவிடலாம்; பழைய ஓடையை மூட முடியாது. அது சுவருக்குப் பின்னால் வந்து தன் வழியைத் தேடும்.

அடுத்தது வெட்டைக் குறைத்தல். ஒரே அகலமான வீட்டுக்குப் பெரிய வெட்டு வெட்டுவதைவிட, சரிவுக்குக் குறுக்கே நீண்டு குறுகிய வீடாகவோ, இரண்டு மட்டங்களில் அமைந்த வீடாகவோ கட்டினால் வெட்டும் குறையும், சுவரும் தாழும். 10 அடிச் சுவர் ஒன்றுக்குப் பதிலாக 5 அடிச் சுவர்கள் இரண்டைப் படியாக அமைப்பது நல்லது. அவ்வாறு அமைக்கும்போது கீழ்ச்சுவரின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரமாவது பின்தள்ளி மேற்சுவர் நிற்க வேண்டும். நெருங்கி நின்றால் மேற்சுவரின் பாரம் முழுவதும் கீழ்ச்சுவரின் முதுகில் ஏறும். மனை சுருங்கிவிடும் என்று இதற்கு ஆட்சேபம் கூறுவர். இடைப்பட்ட நிலத்தில் வேர்பிடிக்கும் புல்லை வளர்த்தால் மாட்டுக்குத் தீவனமாகும், மண்ணையும் பிடிக்கும். அந்நிலம் வீணாயிற்று எனல் தகாது.

வெட்டிய முகத்தைத் தாங்கும் சுவரும், நிரப்பிய மண்ணைத் தாங்கும் சுவரும் ஒரே வகையின அல்ல. இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் 1997, 1998 வருஷங்களில் வெளியிட்ட ஐ.எஸ். 14458 என்னும் வழிகாட்டி, மலைப்பகுதிகளுக்குரிய இவ்விருவகைச் சுவர்களையும் பற்றியும், காரையின்றிக் கல் அடுக்கும் சுவரைப் பற்றியும் தனித்தனியே கூறுகின்றது. ஆள் உயரத்துக்கு மேற்பட்ட எந்தச் சுவரையும் பொறியாளர் கணக்கிட்டுத் தந்த வரைபடமின்றித் தொடங்குவது விவேகமன்று. சுவரின் மேல் வீடோ, பாதையோ, தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் அச்சுமையும் கணக்கில் சேர வேண்டும்.

கட்டும் முறை

ஜனவரி முதல் மார்ச் வரையிலுள்ள உலர்ந்த மாதங்களே கட்டும் காலம். பருவமழை நெருங்கியபின் அடிமண்ணைத் தோண்டலாகாது. உலர்ந்த காலத்திலும் முழு நீளத்தையும் ஒருசேரத் தோண்டாமல், சுமார் 6 அடி நீளத் துண்டுகளாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டிக் கட்டி முடித்து, அதன்பின் இடைத் துண்டுகளைத் தோண்டுதல் வேண்டும். மேலே கட்டடமோ, மண்குவியலோ, கனமான மரமோ இருந்தால் முதலில் அதற்குப் பரிகாரம் தேடிய பின்னரே கீழே ஆட்களை இறக்க வேண்டும். மேலே ஒருவர் நின்று வெடிப்பைக் கவனித்து எச்சரிக்க வேண்டும். இரண்டு நாட்கூலியை மிச்சப்படுத்த எண்ணி இதைத் தவிர்ப்பது, பிறர் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

அஸ்திவாரம் நிரப்பிய மண்ணில் நிற்கலாகாது. தோண்டப்படாத கெட்டி மண்ணிலோ பாறையிலோ ஊன்ற வேண்டும். அதன் அடித்தளம் மலைப்பக்கம் சற்றே சாய்ந்திருத்தல் நலம். கனத்தால் மட்டும் நிற்கும் கற்சுவரின் அடி அகலம், உயரத்தில் பாதிக்குக் குறையாமலும், மண் நலிந்த இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு வரையிலும் இருக்க வேண்டும். சுவர் மேலே போகப் போக மலைப்பக்கம் சாய்ந்து செல்ல வேண்டும். இரு முகங்களிலும் நல்ல கல் வைத்து நடுவில் உடைகல்லைக் கொட்டி மூடும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. சுவரின் அகலத்தை ஊடுருவிக் கட்டும் நீண்ட கற்களை இடையிடையே வைக்காவிடில், ஒரே சுவர் நாளடைவில் இரண்டு மெலிந்த சுவர்களாகப் பிரிந்துபோகும்.

சுவருக்குப் பின்னால் ஒன்று முதல் ஒன்றரை அடி அகலத்துக்கு அடியிலிருந்து மேல்வரை சரளை அல்லது உடைகல் நிரப்ப வேண்டும். அதன் அடியில் துளையிட்ட குழாய் ஒன்றை ஒருபக்கச் சாய்வோடு பதித்து வெளியே கொண்டுவர வேண்டும். சுவரின் உடலில் 3 அல்லது 4 அங்குலக் குழாய்த் துவாரங்களை 5 அடிக்கு ஒன்றாக, ஒரு வரிசைக்கு மறு வரிசை இடம் மாற்றி, வெளிப்பக்கம் சாய்வாக வைக்க வேண்டும். கடைசி வரிசை தரைக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். களிமண் வந்து சரளையை அடைக்காதபடி இரண்டுக்கும் நடுவே இதற்கென விற்கும் வடிகட்டும் செயற்கைத் துணியை விரித்தல் நல்லது. காரையின்றி அடுக்கிய கற்சுவருக்குத் துவாரம் வேண்டியதில்லை. அதன் இடுக்குகளே துவாரங்கள். அழகுக்காக அவ்விடுக்குகளைச் சிமெண்டு கொண்டு பூசுவோர், சுவரின் மூக்கை அடைப்பவராகின்றனர்.

பின்னால் மண் நிரப்பும்போது முக்கால் அடி உயரத்துக்கு ஒருமுறை திமிசு போட்டுக் கெட்டிப்படுத்த வேண்டும். கட்டிய காரை இறுகுமுன் மண்ணைத் தள்ளலாகாது. உச்சியில் ஓர் அடிக்குக் களிமண்ணை இட்டு நீர் உள்ளிறங்காதபடி மூடி, அதன் பின்னால் சிமெண்டு வாய்க்கால் ஒன்றை அமைக்க வேண்டும். கூரை நீர், முற்றத்து நீர், மேட்டிலிருந்து வரும் நீர் யாவும் இவ்வாய்க்காலில் விழுந்து, ஓடைவரை செல்ல வேண்டும். வாய்க்கால் ஓடையில் விழும் இடத்திலும் கல் பதிக்க வேண்டும். அடுத்தவர் தோட்டத்தின் விளிம்பில் நீரை விட்டுவிட்டு வேலை முடிந்தது என்று திரும்புவது, தம் வீட்டு ஆபத்தை அவர் வீட்டுக்கு அனுப்புவதேயாகும்.

மராமத்து

சுவர் விழுமுன் பெரும்பாலும் அறிகுறி காட்டுகின்றது. நடுவில் வயிறு தள்ளுதல், முற்றத்தில் சுவருக்கு இணையாக வெடிப்புக் காணுதல், கதவுகள் திடீரென இறுகுதல், துவாரங்களில் கலங்கல் நீர் வருதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பெருமழையில் துவாரங்கள் உலர்ந்திருப்பதைக் கண்டு மகிழ்பவர்களும் உண்டு. அது நல்ல அறிகுறியாகாது. பெரும்பாலும் துவாரம் அடைத்துக்கொண்டது என்பதற்கே அடையாளம். நீர் உள்ளேதான் நிற்கின்றது.

வெடிப்பைச் சிமெண்டு பூசி மறைப்பது மராமத்து ஆகாது. நோயாளியின் முகத்துக்குப் பொடி பூசுவது போன்றது அது. முதலில் மேல்வாய்க்காலைச் சுத்தம் செய்து, ஒழுகும் குழாய்களை மாற்றி, துவாரங்களைக் கம்பியால் குத்தித் திறந்து, நீரை வடியவிட வேண்டும். அதன்பின் சுவர் அசைகின்றதா என்று ஒரு பருவம் முழுதும் அளந்து வர வேண்டும். வெடிப்பின் இரு புறமும் அடையாளமிட்டு வாரந்தோறும் அளந்து எழுதிவைப்பது எவருக்கும் இயலும். வயிறு தள்ளிய பகுதியைப் பிரிக்க நேர்ந்தால், உலர்ந்த காலத்தில் மேலிருந்து கீழாகச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்துக் கட்ட வேண்டும். பழைய சுவரின் தலையில் இரண்டடி உயர்த்திக் கட்டுவதும், அதன் காலடியில் சாக்கடைக்குத் தோண்டுவதும் அறவே விலக்கத்தக்கவை. மழைக்காலத்தில் அறிகுறி கண்டால் மராமத்தை எண்ணாமல், கீழ்வீட்டாரையும் மேல்வீட்டாரையும் உடனே வெளியேற்றுவதே முதற்கடமை.

மேல்வீடும் கீழ்வீடும்

சுவர் சரிந்தபின் ஊர்களில் எழும் வழக்கமான தகராறு, அது யாருடைய சுவர் என்பது. மேல்வீட்டுக்காரர் கீழே வெட்டியவரைக் குறை கூறுவார். கீழ்வீட்டுக்காரர் மேலே நிரப்பியவரைக் குறை கூறுவார். இதில் சட்டம் இருவருக்கும் ஒருசேரப் புத்தி கூறுகின்றது. ஈஸ்மெண்ட் சட்டம் எனப்படும் 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவிலுள்ள உதாரணங்களின்படி, இயற்கை நிலையிலுள்ள ஒருவருடைய நிலத்துக்கு, அண்டை நிலத்து மண் இயற்கையாகக் கொடுத்துவரும் தாங்குதல் உரிமையாகும். ஆகவே கீழ்நிலத்துக்காரர் தம் எல்லைக்குள்ளேயே வெட்டினாலும், மேல்நிலம் சரியும்படி வெட்ட அவருக்கு உரிமையில்லை.

ஆனால் வெட்டப்படாமலும், செயற்கையான பாரம் ஏற்றப்படாமலும் உள்ள நிலமே இயற்கை நிலையிலுள்ள நிலம் என்று அச்சட்டமே விளக்குகின்றது. தம் மனையில் மண் நிரப்பி, அதன்மேல் மாடி கட்டியவர், அவ்வளவு பாரத்தையும் கீழ்நிலம் இயற்கையாகவே தாங்க வேண்டும் என்று வாதிக்க முடியாது. நெடுங்கால அனுபவத்தால் பிறக்கும் உரிமைக்கு 20 வருஷத் தடையற்ற அனுபவம் வேண்டும். நீரைப் பற்றியும் இதே நடுநிலைதான். மேல்நிலத்தில் இயற்கையாகப் பெய்து பரவிவரும் நீரைக் கீழ்நிலத்துக்காரர் ஏற்க வேண்டும் என அப்பிரிவே கூறுகின்றது. கூரையிலும் சிமெண்டுத் தளத்திலும் திரட்டி ஒரே குழாயில் விடும் நீரை அந்த இயற்கை நீரோடு ஒன்றாக எண்ண நியாயமில்லை.

எனவே மலையின் இயற்கை நிலையை எவர் மாற்றினாரோ அவரே அதைத் தாங்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பதே நேர்மையான முறை. இருவரும் மாற்றியிருந்தால் இருவரும் ஏற்க வேண்டும். நீதிமன்றத்தில் பல வருஷம் போராடி, இடிந்த வீட்டுக்கு நஷ்டஈடு பெறுவதைக் காட்டிலும், கட்டுமுன் ஒருநாள் இருவரும் கூடி உட்கார்ந்து, செலவைப் பங்கிட்டு எழுதிக்கொள்வது எவ்வளவோ மேல். ஊர்க்காரியங்களைக் கூடிப் பேசித் தீர்க்கும் வழக்கமுள்ள ஹட்டிகளில் இது கடினமானதன்று.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யத்தக்கவை

மலைப்பகுதிகளில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்த 1990-ஆம் வருஷம் ஹாக்கா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் ஏற்பட்டது. மலைவாசஸ்தலங்களுக்கான 1993-ஆம் வருஷத்துக் கட்டட விதிகள் கட்டடத்தின் உயரத்துக்கு 7 மீட்டர் என வரம்பு கட்டின. தரைக்கு மேல் எழுவதை அளப்பது நன்று. அதனோடு, தரையைப் பெறுவதற்காக வெட்டிய வெட்டையும், கட்டிய சுவரையும், அதன் நீர்வழியையும் அளந்து பார்த்தாலன்றி அவ்வளவை முழுமை பெறாது. வீட்டின் வரைபடத்தில் தடுப்புச் சுவரின் குறுக்குவெட்டும், வாய்க்கால் ஓடைவரை செல்லும் பாதையும் காட்டப்பட வேண்டும். நீர்வழி முடிந்ததைக் கண்டபின்னரே சுவர் எழும்ப இடங்கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே கட்டிய சுவர்களுக்கு ஒரு பதிவேடு வேண்டும். ஹாங்காங்கில் 1977-ஆம் வருஷம் இதற்கெனத் தனி அலுவலகம் ஏற்படுத்தி, நாளடைவில் மனிதரால் வெட்டப்பட்ட சரிவுகளும் சுவர்களுமாக ஏறக்குறைய 60,000-க்கு எண்ணிட்டு, ஒவ்வொன்றையும் பேண வேண்டியவர் யார் என்று பதிந்து வைத்துள்ளனர். ஜெகதளா போன்ற ஒரு பேரூராட்சிக்கு அவ்வளவு பெரிய முயற்சி தேவையில்லை. வயல்தோறும் விளைந்த பயிரை அடங்கலில் எழுதிவரும் கிராம நிர்வாக அலுவலருக்கு, சுவர்தோறும் ஒரு வரி எழுதுவது புதிய வித்தையாகாது. சர்வே எண், சுவரின் நீளம், உயரம், மேலே குடியிருப்பவர், கீழே குடியிருப்பவர், நீர் எங்கே போகின்றது, துவாரங்கள் திறந்துள்ளனவா என்னும் ஏழு விவரங்கள் போதும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே மாதத்திலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும் செயல் அலுவலரும் கிராம நிர்வாக அலுவலரும் வரிசை வரிசையாக நடந்து பார்த்து அதைப் புதுப்பிக்க வேண்டும்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2024-ஆம் வருஷம் ஜூலையில் கல்கத்தாவில் தொடங்கிய தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு நிலையம், முதலில் முன்னறிவிப்பு வழங்கத் தேர்ந்த ஜில்லாக்களுள் நீலகிரியும் ஒன்று. எந்தத் தாலுகாவில் அபாயம் மிகுதி என்பதை அம்முன்னறிவிப்புச் சொல்லும். அத்தாலுகாவில் எந்தச் சுவரின் கீழ் உறங்குபவரை அன்றிரவு எழுப்ப வேண்டும் என்பதை ஊர்ப்பதிவேடே சொல்ல வேண்டும். ஒன்றின்றி மற்றொன்றால் முழுப் பயனில்லை.

இவற்றோடு, வரிசைக்கு ஒரு பொதுவாய்க்கால் அமைப்பது பேரூராட்சியின் முதல் வேலையாக வேண்டும். மேல்வரிசையின் பின்னால் ஒன்றும், ஒவ்வொரு வரிசையின் முன்னால் ஒன்றுமாக வெட்டி, யாவற்றையும் ஓடையில் சேர்த்துவிட்டால், அவ்வூரிலுள்ள நல்ல சுவர்கள் நிலைக்கும். நலிந்த சுவர்களுக்கும் ஆயுள் நீளும். தம் மனையில் ஓரடி நிலத்தை இதற்கு விட்டுக்கொடுப்பவர் இழப்பது ஓரடியே. விட மறுத்தால் ஒருநாள் மனையையே இழக்க நேரிடலாம். அவரோடு கீழ்வீட்டாரும் இழக்க நேரிடும்.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது பழமொழி. சமவெளியில் ஆற்றங்கரைக் குடியானவர்களுக்கு அது தகுந்த புத்தியே. மலைச்சரிவில் வீடு கட்டியவர்களோ, வெள்ளம் வருமுன் வழி கோலவேண்டும். அடுத்த செப்டம்பருக்குள் ஜெகதளாவில் ஒரு வரிசையிலேனும் வாய்க்கால் ஓடையைச் சென்று சேருமாயின், அவ்வரிசையைக் கண்டு மற்ற வரிசைகளும், ஜெகதளாவைக் கண்டு மற்ற ஊர்களும் அவ்வாறே செய்ய முன்வருவர் என்பதில் ஐயமில்லை.